தானாக உதிராத கவசம்

நான் ஒரு நடுகல்லின் முகத்தைப் பெயர்த்து எடுத்தேன். பிறகு அந்தக் கல்லில் நின்றவன் யார் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு மனிதன் தன் தகப்பன் நிலத்தைக் கைவிட்டான்.

இந்த மூன்று வாக்கியங்களையும் எழுதிவிட்டு எழுந்துபோய் பால்கனியில் நடந்துவிட்டு வந்தேன். எழுபது வயதில் முட்டி வலிக்கு உட்காரத்தான் வேண்டும். உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. நடந்தால் கால் நிற்பதில்லை. இப்படியே எழுதி முடிக்க வேண்டியதுதான்.

நான் சரித்திரம் படித்தவன். முதுகலைப் பட்டத்தோடு ஆசிரியர் வேலைக்கு இரண்டு வருடம் அலைந்தேன். கிடைக்கவில்லை. எழுபதுகளில் புனேக்கு வந்து போசரியில் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியின் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். கட்டிங் ஆயில், எமரி தாள், டிரில் பிட் என்று கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது வேலை. ஷாப் ஃப்ளோரில் என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘மத்ராசி’ என்றால் நான்தான். கேன்டீனில் சாதத்தைப் பிசைந்தால் அதற்கு ஒரு சிரிப்பு. இந்தியில் ஒரு வார்த்தையை ஆண்பால் பெண்பால் மாற்றிச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதற்கு ஒரு சிரிப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உள்ளே எரிந்தது. உங்கள் பாட்டன்மார் கதவை மூடிக்கொண்டு நடுங்கிய காலத்தில் எங்கள் சோழர்கள் கடல் கடந்தார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல் தேடிப் போவேன். இந்த மண்ணைச் சாதவாகனர் ஆண்டார்கள். பிறகு சாளுக்கியர், ராஷ்டிரகூடர், மறுபடியும் சாளுக்கியர், கடைசியில் தேவகிரி யாதவர். ஒவ்வொருவரும் குகையிலோ கோயில் சுவரிலோ வயலோரத்திலோ எதையாவது விட்டுப் போயிருக்கிறார்கள். மாணவனாக இருந்தபோது ஒரு மாதப் பயிற்சியில் கல்வெட்டு படியெடுக்கக் கற்றிருந்தேன். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுக்க வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் வரும். “கல்லுக்குப் போற நேரத்துல காஸ் சிலிண்டருக்குப் போய் நில்லுங்க” என்பாள் என் மனைவி. நிற்க மாட்டேன்.

தேகு ரோடு பக்கம் எங்கள் தமிழர்களுக்கு ஒரு சிறு மன்றம் இருந்தது. பெரும்பாலும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்த குடும்பங்கள். பொங்கல் விழாவில் ஒவ்வொரு வருடமும் நான் அரைமணி நேரம் பேசுவேன். சோழர் படை வடக்கே எதுவரை வந்தது என்பதுதான் எப்போதும் பேச்சு. கிருஷ்ணைக் கரை வரை வந்ததற்கு மெய்க்கீர்த்திகள் சாட்சி சொல்கின்றன. பீமா ஆற்றையும் தொட்டிருப்பார்கள், ஆதாரம்தான் இன்னும் கிடைக்கவில்லை என்பேன். கைதட்டுவார்கள். ஒன்றை மட்டும் நான் மேடையில் சொன்னதே இல்லை. என் சொந்த ஊர் தக்கோலத்துக்குப் பக்கம். அந்தத் தக்கோலத்தில்தான் இந்தத் தக்காணத்திலிருந்து கிளம்பிப்போன ராஷ்டிரகூட ராஜா சோழர் படையை முறியடித்தான். யானைமேல் இருந்த சோழ இளவரசன் அங்கேதான் செத்தான். அதைச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

நிலத்தைக் கைவிட்ட அந்த மனிதன் எங்கள் கம்பெனியில் லேத் டர்னர். என்னைவிடப் பத்து வயது இளையவன். ரஞ்சன்காவ் பக்கத்தில் ஒரு கிராமம். வாரம் முழுக்கப் போசரியில் ஒரு அறையில் தங்கி, சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அகமத்நகர் ரோட்டில் பஸ் பிடித்து ஊருக்குப் போவான். என்னை ‘மத்ராசி’ என்று ஒரு நாளும் அழைத்ததில்லை. ‘அண்ணா’ என்பான். நான் அவனைப் ‘பாவ்’ என்பேன். மராட்டியில் அதுவும் சகோதரன்தான். நாங்கள் பேசியது மராட்டியும் இந்தியும் கலந்த ஏதோ ஒன்று. என் நினைவில் அது தமிழாகவே இருக்கிறது.

நான் கல் தேடுகிறவன் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது.

“அண்ணா, உங்க ராஜாங்க இங்க வந்தாங்கன்னே சொல்றீங்க. எங்க ஆளுங்க தஞ்சாவூர்ல உக்காந்து ராஜ்யம் பண்ணாங்களே, அதை எப்பச் சொல்லப் போறீங்க?”

“அது ரொம்பப் பின்னாடி, பாவ்.”

“பின்னாடி வந்தவன்தானே ஜெயிச்சவன்?”

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், தன் வயலிலேயே ஒரு கல் இருப்பதாகச் சொன்னான். அடுத்த ஞாயிறு அவனோடு போனேன்.

சோளமும் வெங்காயமும் போடும் மேட்டு நிலம். ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் இடுப்பளவு உயரத்தில் கல். அடுக்கடுக்காகச் செதுக்கியிருந்தது. அடியில் ஒருவன் விழுந்து கிடக்கிறான், சுற்றிலும் மாடுகள். அதற்கு மேல் அவனே வாளோடு நிற்கிறான். அதற்கும் மேல் தேவமாதர் அவனைத் தூக்கிப் போகிறார்கள். உச்சியில் லிங்கம், சூரியன், சந்திரன். மாடு மீட்கும் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல் என்பது பார்த்ததுமே தெரிந்தது. இந்தப் பக்கத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. யாதவர் காலமாக இருக்கலாம். பெரும்பாலும் எழுத்து இருக்காது.

இதில் வாளோடு நிற்கும் வீரன்மேல் மட்டும் எண்ணெயில் குழைத்த செந்தூரம் விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. தலைமுறை தலைமுறையாகப் பூசியது. முகம் ஒரு சிவந்த உருண்டையாகத் தெரிந்தது. ஹோலிக்கு மறுநாள் குடும்பத்தில் மூத்தவன் தலைப்பாகை கட்டி, வாள் ஏந்தி இந்தக் கல்லுக்கு வருவானாம். “இவன் எங்க மூத்தவன். மாட்டுக்காகச் செத்தான். அவன் செத்ததாலதான் இந்த நிலம் எங்களுக்கு வந்தது,” என்றான். இதைச் சொன்னவன்தான் இப்போது மூன்று சகோதரர்களில் மூத்தவன். வாள் ஏந்துகிறவன்.

நான் வீரனின் காலடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தூரம் முடியும் விளிம்பில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலிருந்த பட்டையில், உளியின் கோடுகள் இரண்டு தெரிந்தன. ஒரு வளைவு, ஒரு நேர்கோடு. மீதி செந்தூரத்துக்குள் போயிற்று.

அந்த வளைவை நான் தமிழாகப் பார்த்தேன். வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். கன்னட எழுத்தாக, நாகரியாக, உளி வழுக்கிய கீறலாகவும்கூட. நான் பார்த்தது தமிழ்.

செந்தூரத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவன் பதறவில்லை, சிரித்தான். எடுக்கக் கூடாது, அதுவாக உதிரும் என்றான். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. தேவனுக்குப் பூசிய செந்தூரம் வருடக்கணக்கில் கவசமாக இறுகி, ஒரு நாள் தானே கழன்று விழும். தேவன் எதையோ விட்டுவிட்டான் என்று அர்த்தம். விழுந்ததை மேளதாளத்தோடு ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். தன் தாத்தா காலத்தில் ஒரு முறை விழுந்ததாம். “நம்ம காலத்துல விழுந்தா உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன், அண்ணா.”

என்னால் காத்திருக்க முடியவில்லை. பைத்தியம் பிடித்தவன் மாதிரி அந்த வளைவைப் பழைய ரசீதுத் தாள்களில் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை ஷிரூரில் ஒரு கல்யாணம், வீட்டில் எல்லோரும் போகிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னான்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போனேன். பையில் ஸ்டோர்ஸிலிருந்து எடுத்த, பெயின்ட் சுரண்டும் இரண்டு பட்டித் தகடுகள், ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், துணி, படியெடுக்கும் தாள், மை. நல்ல வெயில். வயலில் யாரும் இல்லை. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் எடுப்பது என்றுதான் நினைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியை வைத்து ஊறவிட்டு, தகட்டைச் செருகி நெம்பினேன். அரைமணி நேரம் அசையவே இல்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுரைக்காய் பிளப்பது போல. முழுக் கவசமும் ஒரே பாளமாகக் கையோடு வந்துவிட்டது.

அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூக்கு இருந்தது. மீசை இருந்தது. இந்தத் தக்காணத்துக் கருங்கல்லின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் நைந்து, வெங்காயத் தோல் மாதிரி உரியும். அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல, கையாலும் தெரியும். அந்த நைந்த தோல் செந்தூரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்லில் வீரன் இருந்த இடம் சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. பட்டையில் நான் பார்த்த வளைவும் போயிருந்தது. எழுத்து என்று ஒன்று இருந்திருந்தால், அதை நான் படிப்பதற்கு முன்பே அழித்துவிட்டேன்.

ஓடிப்போயிருக்கலாம். நான் நிதானமாக வேலை செய்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கல்லைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். பாளத்தை அதன் காலடியில் சாய்த்து வைத்தேன். தானாகக் கழன்று சரிந்தால் எப்படிக் கிடக்குமோ அப்படி. சரியாக இல்லை என்று தோன்ற, திரும்பி வந்து சாய்வை மாற்றி வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நகக்கண் எல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, என்ன இது என்றாள் மனைவி. மாருதி கோயிலுக்குப் போனேன் என்றேன். “நீங்களா?” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவன் பேடா பெட்டியோடு ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது. தேவன் கவசத்தை விட்டுவிட்டான் என்றான். நான் பேடாவை வாங்கித் தின்றேன்.

அடுத்த ஞாயிறு கவசத்தைப் பீமாவுக்குக் கொண்டுபோனார்கள். சொன்ன வாக்கை மறக்காமல் என்னையும் கூப்பிட்டான். சிவப்புத் துணியில் பொதிந்து அவன் தலையில் சுமந்து வர, தம்பிகள் இருவரும் பின்னால் மேளம் கொட்டி வந்தார்கள். என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்கள். அந்த வீரனின் மூக்கும் மீசையும் தண்ணீருக்குள் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். கைகூப்பியும் நின்றேன்.

இத்தோடு விட்டிருந்தால் இது எனக்கும் ஒரு கல்லுக்கும் உள்ள விஷயமாகப் போயிருக்கும். பொங்கல் மலருக்குக் கட்டுரை கேட்டு மன்றத்துச் செயலாளர் வந்து நின்றார். மூன்று இரவுகள் தூங்காமல் கிடந்த பிறகு எழுதினேன். பீமா ஆற்றங்கரைப் பகுதியில் ஒரு நடுகல், அதில் தேய்ந்த நிலையில் நான்கு தமிழ் எழுத்துகள், சோழர் படையோடு வந்து இறந்த வீரன் ஒருவனின் நினைவு. எழுத்துகள் இப்போது சிதைந்துவிட்டன, சிதையும் முன் நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன். நான் பார்த்தது ஒரு வளைவு. அதை நான்காக்கினேன். எதற்காக என்று கேட்டால், ஒரு முகத்தை அழித்ததற்கு ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. சும்மா அழித்தேன் என்று என்னால் இருக்க முடியவில்லை.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாசி மாதத்தில் ஒரு பஸ் பிடித்து நாற்பது ஐம்பது பேர் கல்லைப் பார்க்கக் கிளம்பினார்கள். புளியோதரை, தயிர்சாதம், பிள்ளைகள், பாட்டு. கல்லுக்கு ரோஜா மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். ஒருவர் சோழன் வாழ்க என்றார். அவனும் தம்பிகளும் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் மனைவி எல்லோருக்கும் டீ போட்டாள். கூட்டம் முழுக்கத் தமிழில் பேசியது. வீட்டுக்காரர்கள் தங்கள் கல்லைச் சுற்றி விருந்தாளிகள் மாதிரி நின்றார்கள்.

பஸ் கிளம்பும்போது அவன் என்னிடம் வந்தான்.

“இவங்க எல்லாம் என்ன சொல்றாங்க, அண்ணா? இவன் உங்க ஆளுன்னா?”

நான் அவன் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் ரஞ்சன்காவில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிலத்துக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. ஊரில் பலர் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் கொடுக்கவில்லை. மூத்தவன் கொடுக்காமல் தம்பிகளும் கொடுக்க முடியாது. எங்கள் முன்னோன் நிற்கும் இடம் இது, இதை விட்டுவிடுங்கள் என்று ஆட்சேபணை மனு போட்டிருந்தான். வழிபாட்டு இடமாக இருந்தால் அதையும் ஒட்டிய வயலையும் விட்டுவிட வழி இருக்கிறது என்று வக்கீலும் சொல்லியிருந்தார். ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வேண்டும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்தான். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்து, மேஜையில் இருந்த ஈரத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, தாளை விரித்தான். இந்தக் கல்லில் உள்ள வீரன் எங்கள் குடும்பத்தின் முன்னோன் என்று மராட்டியில் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நாளைக்குள் அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும்.

“நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன், அண்ணா. நீங்க எம்.ஏ. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இவன் எங்க ஆளா, உங்க ஆளா?”

“நீங்க கும்பிடறீங்களே. அது போதாதா?”

“கும்பிடறது வேற. நம்ம முன்னோன்னு சத்தியம் பண்ணணும். பொய்ச் சத்தியம் பண்ணிட்டு ஹோலிக்கு வாளைத் தூக்கிட்டு அவன் முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்?” தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “கவசத்தை வேற விட்டுட்டான். உங்க ஆளுங்க வந்ததும், மாலை போட்டதும்... சொந்த ஜனம் வந்துடுச்சுன்னு எங்களை விட்டுட்டானோன்னு இருக்கு.”

என் கையில் டீ கிளாஸ் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்து, கவசத்தைப் பெயர்த்தது நான், எழுத்து எதையும் நான் படிக்கவில்லை, நீ கையெழுத்துப் போடு என்று சொன்னால் போதும். அவன் நிலம் நிற்கும். அவனுக்கு எதிரே என் மானம் போகும். மன்றத்தில் போகும். பொன்னாடை போகும். மறுபடியும் நான் ஸ்டோர்ஸ் ஜன்னல் மத்ராசியாக நிற்பேன்.

“கல்லு சொல்றதை நாம மாத்த முடியாது, பாவ்,” என்றேன். “அவன் சோழ நாட்டு ஆளு.”

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கோபம் எதுவும் இல்லை. “உண்மையைச் சொன்னீங்க, நல்லது,” என்றான். மறுநாள் போய் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொண்டான். தம்பிகளும் அவன் பின்னால் சம்மதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருடம் அவன் ஹோலிக்கு வாள் ஏந்தவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டான். நான் அவனைத் தேடவில்லை. ஓய்வு பெற்றேன். கல் தேடுவதையும் விட்டுவிட்டேன். வீட்டில் ஓர் இடத்தில் இருக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். காய் வாங்கப் போய் வாங்காமல் வருவேன். கடக்வாஸ்லாவுக்கு பஸ் ஏறிப் போய், அணைத் தண்ணீரைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். சர்க்கரை நோய் என்று நினைத்து மனைவி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

சில வருடம் கழித்து, ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் மகன் ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னால் என்னைக் கூப்பிட்டான். என் கட்டுரையை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். மகன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். விரலை வைத்துத் தலைப்பைப் படித்துவிட்டு, “அப்பா, யூ ஆர் ஃபேமஸ்” என்றான். கீழே இருபது முப்பது பேர் பெருமையோடு எழுதியிருந்தார்கள். இது பொய், நீக்கிவிடுங்கள் என்று அந்தப் பக்கத்தை நடத்தியவருக்கு எழுதினேன். பெரியவர்களின் தன்னடக்கம் எங்களைப் போன்றவர்களுக்குப் பாடம் என்று பதில் வந்தது.

அந்த வாரமே ரஞ்சன்காவுக்கு பஸ் ஏறினேன்.

வயல் இருந்த இடத்தில் தொழிற்சாலை மதில். வேப்பமரம் இல்லை. கல்லை மட்டும் மதிலுக்கு வெளியே ரோட்டோரமாக நகர்த்தி, வெள்ளை டைல்ஸ் ஒட்டிய சிறு கூண்டு கட்டியிருந்தார்கள். புதிதாகச் செந்தூரம் பூசி, வெள்ளியில் இரண்டு கண் ஒட்டியிருந்தது. வடநாட்டுத் தொழிலாளிகள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். யார் இது என்று கேட்டேன். மாருதி என்றார்கள்.

கேட்டுக்கொண்டே அவன் வீட்டுக்குப் போனேன். தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட வரிசையாக அறைகள் கட்டியிருந்தான். கோடி வீட்டில் அவன். எதிர் வரிசையில் தம்பிகள். தலை நரைத்திருந்தது. “அண்ணா!” என்று எழுந்து வந்தான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண நாள், பட்டித் தகடு, மண்ணெண்ணெய், சாய்வை மாற்றி வைத்தது, நான்கு எழுத்து.

அவன் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நின்றது. கதவோரம் நின்ற அவன் மனைவிதான் முதலில் பேசினாள். என்னிடம் அல்ல.

“மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன். தேவன்மேல பழி போடறியான்னு என்னை அடிக்க வந்தீங்க.”

அவன் என்னைப் பார்த்தான்.

“அப்போ அவன் யாரு?”

“தெரியாது, பாவ்.”

“எழுத்து இருந்ததா?”

“அதுவும் தெரியாது.”

“இதை அன்னைக்குக் கேன்டீன்லயே சொல்லியிருந்தா சத்தியம் பண்ணியிருப்பேனே, அண்ணா. தெரியாதுன்னா அவன் எங்க ஆளுதான். வேற யாரு வந்து கேட்டா?”

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையிலிருந்த புகையிலையை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு எழுந்தான். நிலம் போனதிலிருந்து கடைசித் தம்பி தன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்றான். தேவனே விட்டுவிட்டான், நான் என்ன செய்ய என்றுதான் இவ்வளவு நாளும் அவனுக்குப் பதில் சொல்லி வந்தானாம். நானும் வருகிறேன், என் வாயால் சொல்கிறேன் என்றேன்.

“நீங்க வர வேணாம். நீங்க சொன்னதைக் கேட்டு நிலத்தை விட்டது நான். நான் சொல்லிக்கறேன்.”

ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர் வரிசையின் முன்னால் கைப்பம்பு பக்கத்தில் தம்பிகள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினான். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. பேசியது கேட்கவில்லை. சின்னவன் ஒரு முறை நான் இருக்கும் பக்கம் திரும்பினான். பிறகு அண்ணனைப் பார்த்தான். நடுத்தம்பி பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிடுவார்கள் என்று வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். பேச்சு போய்க்கொண்டே இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அவன் மனைவி குடிக்காத தண்ணீரை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்தாள். புனேக்குப் போகும் நாலு மணி பஸ் வரும் நேரம், அதை விட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டேன். அவர்கள் நின்ற வழியாகப் போகாமல், அறைகளுக்குப் பின்பக்கமாக ரோட்டுக்குப் போகும் ஒரு பாதையை அவள் காட்டினாள். அதில் போனேன்.